ஓகஸ்ட் குரோக்: மீனின் உப்புக் கணக்கைக் கண்டவர்



கண்டலமக் குளத்து நீர் உப்புக் கரிப்பதில்லை. தேவஹுவக் குளத்து நீரும் அப்படித்தான். ஆனால் அந்தக் குளங்களில் பிடிபடும் திலாப்பியாவின் குருதியோ உப்பானது. கடல்நீரில் உள்ள உப்பின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதில் உண்டு. அதாவது, மீனின் உடலுக்குள்ளே இருக்கும் உப்பு, வெளியே இருக்கும் குளத்து நீரின் உப்பைவிடப் பல மடங்கு அதிகம்.

இப்போது நீங்கள் விஞ்ஞானப் பாடத்திற் படித்த பரவலை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். செறிவு கூடிய இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்குத் துணிக்கைகள் செல்லும் அல்லவா? அப்படியானால் மீனின் உப்பு முழுவதும் குளத்து நீரில் கரைந்து போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் டென்மார்க் நாட்டு அறிஞர் ஓகஸ்ட் குரோக். அவர் கண்ட விடை, அவர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், வேறொரு துயரத்தின் காரணத்தை விளக்க உதவியது. ஐரோப்பாவின் வடக்கிலுள்ள ஏரிகளிலும் ஆறுகளிலும் ஆண்டுதோறும் பனி உருகும் பருவத்தில் மீன்களும் அவற்றின் குஞ்சுகளும் மடிந்ததே அந்தத் துயரம். இப்பகுதியில் அவருடைய வாழ்க்கையையும், அந்தக் குஞ்சுகள் அமில நீரை எவ்வாறு சமாளிக்கின்றன என்பதையும் சேர்த்துப் படிப்போம். தமிழ்ப் பாடத்தில் வாசிப்புக்கும், விஞ்ஞானப் பாடத்தில் அமிலம், சுவாசம், பதார்த்தங்களின் கடத்தல் ஆகிய அலகுகளுக்கும் இது பயன்படும்.

இளமைக் காலம்

ஓகஸ்ட் குரோக் 1874 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15 ஆந் திகதி டென்மார்க்கின் கிரெனோ என்னும் சிறிய துறைமுக நகரிற் பிறந்தார். தந்தையார் கப்பல் கட்டுந் தொழில் அறிந்தவர். கடலோரத்திலும் வயலோரத்திலும் திரிந்து பூச்சிகளையும் செடிகளையும் உற்றுப் பார்ப்பதே சிறுவனுடைய பொழுதுபோக்கு. கடற்படையிற் சேரும் எண்ணமும் இளமையில் அவருக்கு இருந்தது.

1893 இல் மருத்துவம் படிப்பதற்காகக் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஆனால் மனம் விலங்கியலின் பக்கம் சாய்ந்தது. விலங்கின் உடல் எந்த உறுப்புகளால் ஆனது என்பதைவிட, அவ்வுறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதே அவரை ஈர்த்தது. இந்தக் கற்கைநெறியை உடற்றொழிலியல் என்கிறோம். 1897 முதல் கிறிஸ்டியன் போர் என்னும் புகழ்பெற்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தார். அணுவின் அமைப்பை விளக்கிய நீல்ஸ் போரின் தந்தையே இவர்.

1902 இல் குரோக் கிறீன்லாந்துக்குப் பயணம் செய்தார். அங்கே நீரில் கரைந்துள்ள ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் அளந்தார். 1903 இல் தவளையின் சுவாசம் பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். தவளை ஒட்சிசனைப் பெரும்பாலும் நுரையீரலாலும், காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தைப் பெரும்பாலும் தோலாலும் செய்கிறது என்று அவர் காட்டினார். தோல் வெறும் போர்வை அன்று, அதுவும் வேலை செய்யும் உறுப்பு என்ற இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மீன்குஞ்சுகளைப் பற்றிப் படிக்கும்போது இது மீண்டும் வரும்.

ஆசிரியரோடு கருத்து வேறுபாடு

1905 இல் குரோக், மேரி என்னும் மருத்துவ மாணவியை மணந்தார். மேரி தம் கணவரோடு ஒன்றாக ஆய்வுகள் நடத்தினார். தாமாகவும் நோயாளரைப் பார்த்து வந்தார். 1908 இல் இருவரும் சேர்ந்து கிறீன்லாந்து சென்று, இறைச்சியையே முதன்மை உணவாகக் கொண்ட அம்மக்களின் உடலியக்கத்தை ஆராய்ந்தனர்.

அக்காலத்திற் பேராசிரியர் போர் ஒரு கருத்தை உறுதியாகக் கொண்டிருந்தார். நுரையீரல் ஒட்சிசனைச் சக்தி செலவிட்டு உள்ளே சுரக்கிறது என்பதே அது. குரோக்கும் மேரியும் மிக நுட்பமான கருவிகளைச் செய்து அளந்தபோது வேறு முடிவு கிடைத்தது. ஒட்சிசன் எவர் உதவியுமின்றிப் பரவலால் மட்டுமே குருதிக்குள் செல்கிறது என்று கண்டனர். தமக்குத் தொழில் கற்றுத் தந்த ஆசிரியரை மறுத்து எழுதுவது குரோக்குக்கு எளிதாயிருக்கவில்லை. ஆயினும் 1910 இல் ஏழு கட்டுரைகளாக முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியரின் திறமையையும் தாம் அவருக்குப் பட்ட கடனையும் மதித்துக்கொண்டே, அளவீடுகள் சொன்னதைச் சொன்னார்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நுரையீரலில் பரவல் போதும், சக்தி செலவாவதில்லை என்று நிறுவியவர் இவர். அதே மனிதர்தான் பிற்காலத்தில் மீனின் உப்பு விடயத்தில் பரவல் போதாது, சக்தி செலவாகியே தீர வேண்டும் என்றும் நிறுவினார். ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதைப் பொருத்திப் பார்க்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் புதிதாக அளந்தார்.

நோபல் பரிசும் இன்சுலினும்

நீங்கள் ஓடும்போது தசைக்குக் கூடுதலான ஒட்சிசன் தேவைப்படுகிறது. அது எப்படிக் கிடைக்கிறது? ஓய்வாக இருக்கும் தசையில் மிகச் சிறிய குருதிக் குழாய்களான மயிர்த்துளைக்குழாய்களிற் பெரும்பாலானவை மூடியிருக்கின்றன என்றும், தசை வேலை செய்யும்போது அவை திறந்து கொள்கின்றன என்றும் குரோக் கண்டார். இதற்காக 1920 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1922 இல் விரிவுரையாற்ற அமெரிக்காவுக்கு மேரியுடன் சென்றார். மேரிக்கு அப்போது நீரிழிவு நோய் இருந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் என்னும் புதிய மருந்து பிரித்தெடுக்கப்பட்ட செய்தி அங்கே அவர்களின் காதுக்கு எட்டியது. குரோக் ரொறன்ரோவுக்கே சென்று, ஸ்கண்டிநேவிய நாடுகளில் இன்சுலினைத் தயாரிக்க அனுமதி பெற்றுத் திரும்பினார். ஹகெடோர்ன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து உடனடியாக வேலை தொடங்கினார். 1923 இல் டென்மார்க்கின் நோயாளருக்கு அந்த மருந்து கிடைத்தது. அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்ததே இன்று உலகெங்கும் இன்சுலின் விற்கும் நோவோ நோர்டிஸ்க். நம் ஊர் மருந்தகங்களிலும் இப்பெயரைக் காணலாம்.

இவ்வளவும் செய்த ஒருவர் அத்துடன் ஓய்ந்திருக்கலாம். குரோக் அறுபது வயதை எட்டும்போது புதிய கேள்வி ஒன்றைக் கையில் எடுத்தார். அதுவே நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்வி.

மீன் ஏன் கரைந்து போவதில்லை?

குரோக் 1930 களில் தவளைகளையும் நன்னீர் மீன்களையும் ஆராய்ந்தார். முதலில் அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் வைத்து, உடலிலிருந்து ஓரளவு உப்பு வெளியேற விட்டார். பின்னர், மிகச் சிறிதளவே உப்புக் கரைந்த நீரில் அவற்றை விட்டார். அந்த நீரில் இருந்த உப்பு படிப்படியாகக் குறைந்தது. உப்புக் குறைந்த நீரிலிருந்து உப்பு நிறைந்த உடலுக்குள் அயன்கள் போய்க்கொண்டிருந்தன. பரவல் செல்லும் திசைக்கு இது நேர் எதிர்த் திசை. தவளை தோலாலும் மீன் பூக்களாலும் (செவுள்களாலும்) இதைச் செய்கின்றன என்று அவர் காட்டினார்.

இதைத்தான் நாம் உயிர்ப்பான கடத்தல் என்கிறோம். இதற்குச் சக்தி வேண்டும். அச்சக்தி மீன் உண்ணும் உணவிலிருந்து வருகிறது.

ஓர் உவமையால் இதை விளங்கிக் கொள்ளலாம். அடியில் சிறு ஓட்டையுள்ள குடம் ஒன்றை நினையுங்கள். நீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒருவர் சிரட்டையால் அள்ளி அள்ளி மேலே ஊற்றிக்கொண்டே இருக்கிறார். பார்ப்பவருக்குக் குடம் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. நன்னீர் மீனின் உடல் இத்தகைய குடம். பூக்களின் வழியே சோடியம், குளோரைட்டு அயன்கள் ஓயாமல் ஒழுகுகின்றன. பூக்களிலுள்ள சிறப்பான கலங்கள் ஓயாமல் அவற்றை மீண்டும் அள்ளி எடுக்கின்றன. நமக்குக் குளத்தில் சும்மா நிற்பதுபோலத் தோன்றும் மீன் உண்மையில் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை.

அள்ளுவது எப்படி? உடலில் கழிவாக உண்டாகும் அமோனியம் அயனை வெளியே தள்ளி அதற்குப் பதிலாகச் சோடியம் அயனையும், இருகாபனேற்று அயனை வெளியே தள்ளி அதற்குப் பதிலாகக் குளோரைட்டு அயனையும் மீன் எடுக்கக்கூடும் என்று குரோக் கருதினார். ஐதரசன் அயனும் இந்தக் கொடுக்கல் வாங்கலிற் பங்கு கொள்கிறது என்று பின்வந்தோர் கண்டனர். 1939 இல் குரோக் தம் முடிவுகளை நீர்வாழ் விலங்குகளின் உப்பு, நீர்ச் சமநிலை பற்றிய நூலாக வெளியிட்டார்.

இறுதிக் காலம்

1940 இல் ஜேர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியது. 1943 இல் மேரி காலமானார். போரின் பிற்பகுதியில் குரோக் சுவீடனுக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. போர் முடிந்ததும் நாடு திரும்பினார். 1945 இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் பூச்சிகள் பறப்பதை ஆராய்ந்தார். 1949 ஆம் ஆண்டு செப்டெம்பர் 13 ஆந் திகதி கோப்பன்ஹேகனில் மறைந்தார். அவருடைய மகள் போடில் ஷ்மிட் நீல்சன் தாயையும் தந்தையையும் போலவே உடற்றொழிலியல் அறிஞரானார். 1975 இல் அமெரிக்க உடற்றொழிலியற் கழகத்தின் முதலாவது பெண் தலைவரானார்.

மீன் உப்பை அள்ளுகிறது என்ற கண்டுபிடிப்பால் அப்போது யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் நேரடியான பயன் எதுவும் தெரியவில்லை. இன்சுலின் உயிர்களைக் காப்பாற்றியது. மீனின் உப்போ புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தின் தேவை வடக்கிலுள்ள இன்னொரு நாட்டில் எழுந்தது.

பனி உருகும் பருவம்

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தகவீரொட்சைட்டும் நைதரசனின் ஒட்சைட்டுகளும் வெளிவருகின்றன. அவை வளியில் சல்பூரிக்கமிலமாகவும் நைத்திரிக்கமிலமாகவும் மாறி மழையோடும் பனியோடும் நிலத்தில் விழுகின்றன. இதுவே அமில மழை. பிரித்தானியாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் உள்ள தொழிற்சாலைகளின் புகை காற்றோடு நெடுந்தூரம் சென்று நோர்வேயிலும் சுவீடனிலும் விழுந்தது. 1967 இல் சுவீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் ஸ்வான்டே ஓடென் இதை மக்கள் முன் வைத்தார்.

அமிலத்தின் அளவை பீ.எச். பெறுமானத்தாற் குறிக்கிறோம். 1909 இல் இந்த அளவையை உருவாக்கிய சோரன்சனும் குரோக்கின் நகரமான கோப்பன்ஹேகனிலேயே வேலை செய்தவர். பெறுமானம் 7 எனில் நடுநிலை. அதற்குக் குறைந்தால் அமிலம். இது மடக்கை அளவை என்பதை மறவாதீர்கள். பீ.எச். 7 இலிருந்து 6 ஆகக் குறைந்தால் ஐதரசன் அயன்களின் செறிவு 10 மடங்காகும். 5 ஆகக் குறைந்தால் 100 மடங்காகும்.

நோர்வேயில் மாரிகாலம் முழுவதும் விழும் பனி உருகாமல் மலைகளிற் குவிந்து கிடக்கும். அதனோடு அமிலமும் சேர்ந்து கிடக்கும். இளவேனிலில் பனி உருகத் தொடங்கும்போது, முதலில் வடியும் நீரே அமிலத்தின் பெரும் பகுதியைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பல மாதங்களாகச் சேர்ந்தது சில நாட்களில் ஆற்றிலும் ஏரியிலும் இறங்குகிறது. மீன் முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் வெளிவரும் பருவமும் ஏறத்தாழ அதுவே.

தெற்கு நோர்வேயின் தொவ்தால் ஆற்றில் 1975 இளவேனிலில் ஆயிரக்கணக்கான திரவுட்டு மீன்கள் இறந்து மிதந்தன. லைவெஸ்தாத், மூனிஸ் என்னும் இரு ஆய்வாளர் அம்மீன்களின் குருதியை ஆராய்ந்தனர். குருதியில் சோடியமும் குளோரைட்டும் மிகவும் குறைந்திருந்தன. மீன்கள் உப்பை இழந்தே இறந்தன. 1976 இல் இதனை வெளியிட்டனர்.

நமது குடத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அமில நீர் இரண்டு கேடுகளை ஒன்றாகச் செய்கிறது. முதலாவது, பூக்களின் கலங்களை நெருக்கமாகப் பிணைத்து வைத்திருக்கும் கல்சியத்தை ஐதரசன் அயன்கள் இடம்பெயர்க்கின்றன. கலங்களின் இடைவெளி தளர்கிறது. குடத்தின் ஓட்டை பெரிதாகிறது. இரண்டாவது, வெளியே ஐதரசன் அயன்கள் நிறைந்திருப்பதால் மீன் தன் உடலிலுள்ள ஐதரசன் அயனை வெளியே தள்ளிச் சோடியத்தை எடுப்பது கடினமாகிறது. சிரட்டை பிடித்த கை தளர்கிறது. இவை போதாவென்று, அமில நீர் மண்ணிலுள்ள அலுமினியத்தையும் கரைத்துக் கொண்டுவருகிறது. அது பூக்களிற் படிந்து மூச்சையும் அடைக்கிறது.

குஞ்சுகள் சமாளிக்கும் விதம்

வளர்ந்த மீனுக்கே இந்த நிலை என்றால், விரல்நுனி அளவுகூட இல்லாத குஞ்சின் நிலை என்ன? உடல் சிறிதாகச் சிறிதாக, அதன் கனவளவோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம். ஆகவே குஞ்சின் உப்பு விரைவாக ஒழுகும். இருந்தும் குஞ்சுகள் எல்லாம் இறப்பதில்லை. படிப்படியாகப் பார்ப்போம்.

முட்டைப் பருவம்: முட்டையின் உறையும் அதனுள் இருக்கும் பாய்மமும் முளையத்தை ஓரளவு காக்கின்றன. பொரிக்கும் வேளையிலேயே ஆபத்து வருகிறது. குஞ்சு தன் உடலிற் சுரக்கும் ஒரு நொதியத்தால் முட்டை உறையை மெலியச் செய்தே வெளிவரும். அமிலம் கூடினால் அந்த நொதியம் சரிவர வேலை செய்யாது. குஞ்சு உள்ளேயே சுருண்டு மடிந்துவிடும்.

மஞ்சட்கருப் பை உள்ள பருவம்: பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருப் பை தொங்கும். அதற்குப் பூக்கள் இன்னும் முழுமையாக வளரவில்லை. அப்படியானால் உப்பை அள்ளுவது எது? தோல்தான். பையின் மேலும் உடலின் மேலும் உள்ள தோலில் உப்பை எடுக்கும் கலங்கள் பரவி இருக்கின்றன. தவளையின் தோலைப் பற்றி முன்னர் படித்தது நினைவிருக்கிறதா? பூக்கள் வளர வளர அக்கலங்களின் வேலையைப் பூக்கள் ஏற்றுக் கொள்கின்றன.

நீந்தத் தொடங்கும் பருவம்: மஞ்சட்கரு தீர்ந்து, கூழாங்கற்களுக்கு இடையிலிருந்து எழுந்து உணவு தேடும் நாட்களே மிகவும் ஆபத்தானவை. கையிருப்பு முடிந்துவிட்டது, தேடலோ இப்போதுதான் தொடங்குகிறது. இந்த நாட்களில் அமில நீர் வந்தால் இழப்பு மிக அதிகம்.

தப்பிய குஞ்சுகள் சில வழிகளைக் கையாளுகின்றன. ஓமோன்களின் தூண்டுதலால் உப்பை எடுக்கும் கலங்கள் பெருகுகின்றன. பூக்களின் கசிவும் படிப்படியாகக் குறைகிறது. நிலத்தடி ஊற்று வந்து கலக்கும் இடத்தையோ, அமிலம் குறைந்த கிளையாற்றையோ நாடிச் செல்கின்றன. அமில நீர் சில நாட்களில் வடிந்துவிட்டால் இழந்த உப்பை மீண்டும் சேர்த்துக் கொள்கின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் சக்தி செலவாகிறது. வளர்ச்சிக்குப் போக வேண்டிய உணவு உப்பை அள்ளுவதற்கே போய்விடுவதால் குஞ்சு மெலிந்து, வளர்ச்சி பிந்துகிறது.

வடக்கு ஜப்பானில் ஒசோரே மலையருகே உசோரி என்னும் ஏரி உள்ளது. எரிமலைச் சூழலால் அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 3.5 மட்டுமே. அதிலும் ஒருவகை மீன் வாழ்கிறது. அதன் பூக்களில் உப்பை எடுக்கும் கலங்கள் மிகுதியாக வளர்ந்துள்ளன. ஆனால் அந்த மீனும் முட்டையிடும் காலத்தில் ஏரியை விட்டு, நடுநிலை நீர் ஓடும் ஓடைக்குள் ஏறிச் செல்கிறது. தாய் தாங்கும் நீரைக் குஞ்சு தாங்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நம் மாவட்டமும் கல்சியமும்

நம் நாட்டில் பனி இல்லை. ஆகவே நோர்வேயிற் காணும் இந்தப் பருவகால அமிலமும் நம் குளங்களில் இல்லை. உலர் வலயக் குளங்களின் நீர் பெரும்பாலும் நடுநிலையாகவோ சற்றுக் காரமாகவோ இருக்கும். பகலில் அல்காக்கள் ஒளித்தொகுப்புக்குக் காபனீரொட்சைட்டை எடுப்பதால் பீ.எச். உயரும், இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்துக் காபனீரொட்சைட்டை விடுவதால் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை நம் குளத்து மீன்குஞ்சுகள் நாள்தோறும் சந்திக்கின்றன.

ஆனால் நோர்வேயும் சுவீடனும் கண்ட பரிகாரம் உங்களுக்குப் புதிதன்று. அவர்கள் ஏரிகளிலும் ஆறுகளிலும் சுண்ணாம்புக்கல் தூளை இட்டார்கள். அது அமிலத்தை நடுநிலையாக்கியது, கல்சியத்தையும் கொடுத்தது. கல்சியம் கிடைத்ததும் பூக்களின் கசிவு குறைந்தது. குடத்தின் ஓட்டை சிறிதாயிற்று.

மாத்தளையை அண்டிய பகுதிகளில் படிகச் சுண்ணாம்புக்கல்லும் டொலமைற்றும் உண்டு. தோட்டங்களில் வாழும் உங்களுள் பலர், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் ஆண்டில் டொலமைற்றுத் தூள் இடுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணின் அமிலத்தைத் தணிக்கவே அது இடப்படுகிறது. மீன் வளர்ப்போரும் குஞ்சுகளை விடுமுன் குளத்தின் அடியில் சுண்ணாம்பு இடுகின்றனர். தம்புள்ளையில் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் நிலையம் உள்ளது. இத்தகைய நிலையங்களில் வளர்க்கப்படும் குஞ்சுகள் நாட்டின் குளங்களுக்கு அனுப்பப்படுகின்றன. குளத்தை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களின் வருமானம் அந்தக் குஞ்சுகள் பிழைப்பதில் தங்கியிருக்கிறது.

சுண்ணாம்பு ஒரு தற்காலிக மருந்தே. அமிலம் வந்துகொண்டிருக்கும் வரை அதை மீண்டும் மீண்டும் இட வேண்டும். நிலையான தீர்வு புகையைக் குறைப்பது. 1979 இல் ஜெனீவாவில் ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகள் எல்லை கடந்து செல்லும் வளி மாசு பற்றிய உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. 1985 இல் கந்தகப் புகையைக் குறைக்கும் உடன்பாடும் வந்தது. அதன்பின் ஐரோப்பாவில் அந்தப் புகை பெருமளவு குறைந்தது. மீன் அற்றுப்போன சில நீர்நிலைகளில் மீண்டும் மீன் வாழத் தொடங்கியது. மண் இழந்த கல்சியம் மெதுவாகவே திரும்புவதால் எல்லா ஏரிகளும் இன்னும் தேறவில்லை.

புகையை அனுப்பிய நாடுகள் ஒருபுறம், மீனை இழந்த நாடுகள் மறுபுறம் என்று வாதாடிய காலத்தில், மீன் எதனால் இறந்தது என்று உறுதியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இறந்த மீனின் குருதியில் உப்பைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்ததால் அதைச் சொல்ல முடிந்தது. அந்த அறிவுக்கு அடித்தளம் இட்டவர்களுள் குரோக் ஒருவர். தம் ஆய்வு ஒருநாள் இவ்வாறு பயன்படும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். குளத்து நீரில் மீன் ஏன் கரைந்து போவதில்லை என்று அறிய விரும்பினார், அறியும்வரை அளந்தார். உங்கள் வகுப்பில் உங்களுக்கு எழும் கேள்வியும், பரீட்சைக்கு வராது என்பதற்காக விட்டுவிட வேண்டியதன்று.

நினைவிற் கொள்க

1. குரோக் வாழ்ந்த காலம் 1874 – 1949. நோபல் பரிசு பெற்ற ஆண்டு 1920. பரிசு மயிர்த்துளைக்குழாய் ஆய்வுக்கே, மீன் ஆய்வுக்கன்று.
2. நுரையீரலில் ஒட்சிசன் செல்வது பரவலால். மீனின் பூக்கள் உப்பை எடுப்பது உயிர்ப்பான கடத்தலால்.
3. பீ.எச். பெறுமானம் ஓர் அலகு குறைந்தால் ஐதரசன் அயன்களின் செறிவு 10 மடங்காகும்.
4. அமில நீர் மீனின் உப்பிழப்பைக் கூட்டுகிறது, உப்பெடுப்பைக் குறைக்கிறது.
5. கல்சியம் உப்பிழப்பைக் குறைக்கிறது.

விடையளிக்க

1. நன்னீர் மீனின் உடலை ஓட்டைக் குடத்துக்கு ஒப்பிட்டதன் பொருத்தத்தை விளக்குக.
2. குரோக் தம் ஆசிரியரின் கருத்தை மறுத்த விதத்திலிருந்து அவருடைய பண்புகள் இரண்டைத் தருக.
3. பீ.எச். 7 ஆக இருந்த ஏரி நீர் பனி உருகியபின் 5 ஆயிற்று. ஐதரசன் அயன்களின் செறிவு எத்தனை மடங்காகியது?
4. நீந்தத் தொடங்கும் பருவம் மீன்குஞ்சுக்கு ஏன் மிக ஆபத்தானது? உம் சொந்த வசனத்தில் எழுதுக.
5. ஏரிக்குச் சுண்ணாம்பு இடுவது, தொழிற்சாலைப் புகையைக் குறைப்பது ஆகிய இரண்டில் எது நிலையான தீர்வு? காரணம் தருக.